புரைதீர்ந்த பொய் எது?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வாய்மை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ‘யாதொன்றும் தீமை இலாத சொலல்’ என்ற குறளை வைத்து, பிறர் மனம் நோகாமல் பேசுவதே வாய்மை, அகிம்சையும் அதுதான் என்று முடித்திருக்கிறார் கட்டுரையாளர். நன்மைக்காகப் பொய்யும் சொல்லலாம் என்பதற்கு, ‘பொய்ம்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்’ என்ற அடுத்த குறளைத் துணைக்கு அழைத்திருக்கிறார். இதே இரண்டு குறளையும் சொல்லிக்கொண்டுதான் எங்கள் வீட்டில் ஒரு பொய்யை நான்கு மாதம் கட்டிக் காத்தோம். அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பாவுக்குக் கணையத்தில் புற்றுநோய். டாக்டர் அண்ணனையும் என்னையும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அப்பாவிடம் ‘அல்சர்’ என்றோம். ஸ்கேன் ரிப்போர்ட் அரிசி டிரம்முக்குப் பின்னால் போனது. பார்க்க வந்த உறவினர்களை வாசலிலேயே நிறுத்தி, என்ன பேச வேண்டும் என்று பாடம் நடத்திய பிறகே உள்ளே விட்டோம். ‘தேவலையாப்பா?’ என்று தினமும் கேட்பேன். ‘தேவலைம்மா’ என்பார்.

காரியமெல்லாம் முடிந்தபின் அவருடைய பழைய பஞ்சாங்கத்துக்குள் ஒரு தாள் கிடைத்தது. எல்.ஐ.சி. பத்திரம் பீரோ மேல்தட்டில், மோட்டார் ரிப்பேர் செய்தவருக்கு 600 ரூபாய் பாக்கி, அம்மாவின் பிரஷர் மாத்திரை எந்தக் கடையில் வாங்குவது என்று வரிசையாக எழுதியிருந்தார். மேலே தேதி போட்டிருந்தது. ரிப்போர்ட் வந்து பதினைந்தாவது நாள்! நாங்கள் அவருக்காக நடித்தோம், அவர் எங்களுக்காக நடித்திருக்கிறார். சாகப்போகிற மனுஷன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச வீட்டில் ஆளில்லாமல் செய்துவிட்டோம். யார் மனமும் நோகவில்லை, சரி. தீமை இல்லை என்று சொல்ல முடியுமா?

வள்ளுவர் வெறுமனே ‘நன்மை’ என்று விடவில்லை, ‘புரைதீர்ந்த நன்மை’ என்கிறார். குற்றமே கலக்காத நன்மை. மேற்கோள் காட்டுகிறவர்கள் (நாங்களும்தான்) அந்த ஒரு சொல்லைத் தாண்டிப் போய்விடுகிறோம். அப்பா அழுதால் எப்படித் தாங்குவது என்று பயந்தது நாங்கள். எங்கள் பொய்யில் இருந்த புரை அது. கொல்லாமைதான் முதல், பொய்யாமை அதன் பின் என்று 323-ஆம் குறளில் வரிசை வைத்தவரும் வள்ளுவர்தான், மறுக்கவில்லை. அரிவாளோடு துரத்தி வருகிறவனுக்கு, ஒளிந்திருப்பவன் இருக்கும் இடத்தைக் காட்ட வேண்டியதில்லை. ஆனால் எங்கள் வீட்டில் அரிவாள் யார் கையிலும் இல்லை.

கட்டுரையாளர் காந்தியையும் சாட்சிக்கு இழுத்திருக்கிறார். காந்தி மனம் நோகாமல் பேசியவரா என்ன? 1922 பிப்ரவரியில் சௌரி சௌராவில் ஆத்திரமடைந்த கூட்டம் காவல் நிலையத்துக்குத் தீ வைத்ததில் இருபதுக்கும் மேற்பட்ட காவலர்கள் செத்தார்கள். துப்பாக்கிச் சூடு நடத்தியது போலீஸ்தான் என்று காரணம் சொல்லிக் கடந்து போயிருக்கலாம். அவரோ தவறு நம் பக்கம் என்று வெளிப்படையாகச் சொல்லி ஒத்துழையாமை இயக்கத்தையே நிறுத்தினார். சிறையில் இருந்த மோதிலால் நேருவும் லஜபதி ராயும் கொதித்தார்கள். அத்தனை பேரை நோகடித்த உண்மை அது. அதற்காக ஐந்து நாள் பட்டினி கிடந்தது மட்டும் அவர். அடுத்த மாதம் அகமதாபாத் கோர்ட்டில் ராஜத்துரோக வழக்கிலும் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆறு வருடத் தண்டனையை வாங்கிக்கொண்டார்.

போன மாதம் அம்மாவுக்குப் பயாப்ஸி எடுத்தோம். ‘அம்மாகிட்ட எதுவும் சொல்லிடாதே’ என்று அண்ணன் போன் செய்தான். நான் கவரைப் பிரிக்காமல் அம்மா கையில் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, ‘இங்கிலீஷ்ல இருக்கு, நீயே படிச்சு சொல்லு, எதையும் விட்டுடாதே’ என்றாள். படித்துச் சொன்னேன்.

ஒரு வாசகி,
தஞ்சாவூர்