புகையையும் கணக்கில் எடுங்கள்

ஆசிரியருக்கு,

திருவொற்றியூரில் எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டிக் குடியிருக்கிறேன். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் எஞ்சினை அணைக்காமல் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும் நாட்களில், மாடியில் காயப்போட்ட வெள்ளைத் துணியில் கரி படிகிறது. அதே காற்றைத்தான் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும் சுவாசிக்கிறார்கள்.

2020 ஏப்ரல் முதல், புகையைக் கட்டுப்படுத்தும் பிஎஸ்-6 தரத்திலான புது வாகனங்கள் மட்டுமே விற்கப்படுகின்றன, நல்லது. ஆனால் பழைய லாரிகள் ஓடிக்கொண்டுதானே இருக்கின்றன? டீசல் வண்டிக்கான புகைச் சான்றுச் சோதனையில் புகையின் கருமையைத்தான் பார்க்கிறார்கள். அதே புகையில் வரும் நச்சு வாயுவான நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதே இல்லை.

சென்னைப் பெருநகரப் போக்குவரத்தை ஒருங்கிணைக்கும் கும்டா என்ற ஆணையத்துக்கான சட்டம் வந்தது 2010-ல். புதுச் சாலைக்கோ மேம்பாலத்துக்கோ ஒப்புதல் தருமுன், அதனால் எத்தனை வண்டி கூடும், எவ்வளவு புகை கூடும் என்ற கணக்கை மக்கள் முன் வைப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். பிஎம் 2.5 நுண்துகளுக்கு நம் நாட்டின் ஆண்டு வரம்பு கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்வதோ 5. அந்த 40-ஐயாவது திட்டத்தின் நிபந்தனையாக எழுதுங்கள். லாரிகளைத் துறைமுகத்துக்கு நேரம் ஒதுக்கி அழைக்கும் ஏற்பாடு அதற்கும் முன்பே வேண்டும்.

– ஒரு வாசகர், திருவொற்றியூர்