மைல்ஸ் பிராண்டின் பெரிய வேலை எது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையில் மைல்ஸ் பிராண்டுக்கு இரண்டே வரிதான் கிடைத்திருக்கிறது. 2000-ல் இந்தியானா பல்கலைக்கழகத் தலைவராக இருந்தபோது கூடைப்பந்துப் பயிற்சியாளர் பாப் நைட்டை வேலையிலிருந்து நீக்கியவர் என்று சொல்லிவிட்டுக் கட்டுரையாளர் அடுத்த ஆளுக்குப் போய்விட்டார். சொன்னது சரிதான். ஆனால் அந்த மனிதர் செய்த வேலையில் அது பாதிகூட இல்லை.

நைட் விவகாரமும் லேசுப்பட்டதல்ல. 29 பருவங்கள் பயிற்சி கொடுத்து, மூன்று முறை தேசியப் பட்டம் வாங்கித் தந்தவரை ஊரே தலையில் வைத்துக் கொண்டாடியது. பயிற்சியின்போது ஒரு வீரரின் கழுத்தில் அவர் கை வைத்த பழைய காட்சி 2000-ல் தொலைக்காட்சியில் வந்தது. இனி ஒரு சம்பவம் நடந்தாலும் வேலை போய்விடும் என்று மே மாதம் எச்சரித்த பிராண்ட், செப்டம்பரில் அப்படி ஒன்று நடந்ததும் சொன்னதைச் செய்தார். அன்றிரவு ஆயிரக்கணக்கான மாணவர்கள் அவர் வீட்டை நோக்கித் திரண்டு போனார்கள். வெற்றி தேடித் தரும் பயிற்சியாளரிடம் வாய் திறக்கவே தயங்கும் நிர்வாகிகள் நிறைந்த உலகம் இது. அவர் காட்டிய உறுதி சாதாரணமல்ல.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். 2003 ஜனவரியில் அவர் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ.வின் தலைவரானார். பல்கலைக்கழகத் தலைவர் ஒருவர் நேராக அந்தப் பதவிக்கு வந்தது அதுவே முதல் முறை. அடிப்படையில் அவர் தத்துவப் பேராசிரியர். விளையாட்டு வீரர் முதலில் மாணவர் என்று மேடையில் எல்லாரும் பேசுவார்கள். அதை அளந்து பார்க்க ஒரு வழி அவர் காலத்தில்தான் வந்தது.

அந்த வழி ஒரு புள்ளிக் கணக்கு. எளிமையானது. உதவித்தொகை பெறும் ஒவ்வொரு வீரருக்கும் ஒரு செமஸ்டருக்கு இரண்டு புள்ளிகள். படிப்பில் தகுதியோடு இருந்தால் ஒன்று, கல்லூரியிலேயே தொடர்ந்தால் இன்னொன்று. 13 பேர் உள்ள கூடைப்பந்து அணிக்கு ஆண்டுக்கு 52 புள்ளிகள். இதில் இரண்டு பேர் படிப்பில் தேறாமல் ஆண்டு முடிவில் விலகினால் நான்கு புள்ளிகள் போய்விடும். மீதி 48. ஆயிரத்துக்குக் கணக்கிட்டால் 923. அன்றைக்கு வைத்திருந்த எல்லையோ 925! நான்கு ஆண்டுச் சராசரியைப் பார்த்தார்கள் என்பதால் ஓர் ஆண்டு சறுக்கினால் சமாளிக்க முடிந்தது. தொடர்ந்து சறுக்கினால் அன்று உதவித்தொகை இடங்கள் குறைக்கப்பட்டன.

வீரரை எடுத்து, ஆட வைத்து, ஆட்டம் முடிந்ததும் கைகழுவி விடுவது காலங்காலமாக நடந்த கொடுமை. படிக்காமல் போனால் வீரரின் தலையில் மட்டும்தான் பழி விழும். இந்தக் கணக்கு பயிற்சியாளரையும் கல்லூரியையும் சேர்த்துப் பொறுப்பாக்கியது. என் பார்வையில் அவருடைய பெரிய சாதனை அதுதான்.

2009 செப்டம்பரில் கணையப் புற்றுநோயால் அவர் இறந்தார். அவர் காலத்து விதி நிலைத்தது. பின்னால் எல்லையை 930-க்கு உயர்த்தி, அதை எட்டாத அணிக்கு இறுதித் தொடரில் இடமில்லை என்றும் ஆக்கினார்கள். 2011-ல் தேசியப் பட்டம் வென்ற கனெக்டிகட் பல்கலைக்கழக ஆண்கள் கூடைப்பந்து அணி, இந்தக் கணக்கால் 2013 தொடரில் ஆட முடியாமல் போனது. அடுத்த ஆண்டே திரும்பி வந்து பட்டத்தையும் வென்றது. பெரிய அணி என்று விதி வளைந்து கொடுக்கவில்லை.

குறை இல்லாமல் இல்லை. புள்ளிக்காக வீரர்களை எளிதான பாடங்களில் தள்ளிவிடும் பழக்கம் வளர்ந்தது. பணவசதி இல்லாத கல்லூரிகள், குறிப்பாகக் கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட கல்லூரிகள், அதிகம் அடிபட்டன. தனியாகப் பாடம் சொல்லித்தர ஆட்களை வைக்கக்கூட அவர்களிடம் பணம் இல்லை. இதை மறைத்துவிட்டு பிராண்டைப் புகழ்வது எனக்குச் சம்மதமில்லை.

2005-ல், அமெரிக்கப் பூர்வகுடி மக்களை இழிவுபடுத்தும் அணிப் பெயர்களுக்கும் சின்னங்களுக்கும் தேசியத் தொடர்களில் இடமில்லை என்று சங்கம் அறிவித்ததும் அவர் தலைமையில்தான். செமினோல் என்ற பூர்வகுடி மக்களே ஆதரவு தெரிவித்ததால், ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழக அணிகளுக்குச் செமினோல் என்ற பெயரைத் தொடர அனுமதி கிடைத்தது. சம்பந்தப்பட்டவர்களின் குரலுக்கு அங்கே மதிப்பு இருந்தது.

2021-லிருந்து கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம். ஓர் ஆண்டு காத்திருக்காமல் வேறு கல்லூரிக்கும் மாறலாம். அவர்கள் உழைப்புக்குப் பணம் கிடைப்பது நியாயம்தான். ஆனால் ஆண்டுக்கொரு கல்லூரி மாறும் வீரரின் பட்டப்படிப்புக்கு யார் பொறுப்பு? பிராண்ட் எழுப்பிய அதே கேள்வி இன்னும் கூர்மையாக நிற்கிறது. அடுத்த கட்டுரையில் உங்கள் எழுத்தாளர் இதைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்