கண்காட்சியைக் கரை சேர்த்தவர்களுக்கு

கண்காட்சிக்கு வைத்திருந்த புத்தகங்களையும் பலகைகளையும் மழை நனைத்துவிட்ட அந்த இரவைப் பற்றி மறுபடி எழுதப் போவதில்லை. பெண் வழக்கறிஞர்கள் வரலாற்றுக் கண்காட்சி சொன்ன நாளில் திறந்துவிட்டது. அதற்குக் காரணமானவர்களுக்கு இந்த மடல்.

முதலில் குமாஸ்தா ஐயா. பெயர் போடக் கூடாதென்று கறாராகச் சொல்லிவிட்டார். யாரும் கூப்பிடாமலே பிளாட்டிங் பேப்பர் (ஈரம் உறிஞ்சும் தாள்) கட்டோடு வந்தவர், நனைந்த தீர்ப்புத் தொகுதிகளை வெயிலுக்குக் கொண்டுபோன பிள்ளைகளைத் தடுத்தார். வெயிலில் காய்ந்தால் தாள் முறுகும், அட்டை வளையும். பத்துப் பக்கத்துக்கு ஒரு பிளாட்டிங் பேப்பர் செருகி, புத்தகத்தை நிறுத்தி வைத்து, ஃபேன் காற்று பட்டால் போதும். ஊறிய தாளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு நாள் ஈரம் நின்றால் பூஞ்சை பிடித்துவிடும். படம் அச்சிட்ட வழவழத் தாளுக்கு அவ்வளவு நேரம்கூட இல்லை. அதன் மேல்பூச்சு பசைபோல ஒட்டிக்கொள்ளும் என்பதால் ஈரத்திலேயே பிரித்துவிட வேண்டும். பெண் வழக்கறிஞர்களில் முன்னோடியான கொர்னீலியா சொராப்ஜியின் படம் அப்படித்தான் தப்பியது. (1892இல் ஆக்ஸ்ஃபோர்டில் சட்டத் தேர்வு எழுதியவருக்குப் பட்டம் 1922இல்தான் கிடைத்தது. முப்பது ஆண்டு!)

நடுவே ஐயா எழுதித் தந்த துண்டுச்சீட்டுதான் பெரிய உதவி. 1916இல் ரெஜினா குஹா, எம்.ஏ., பி.எல்., அலிப்பூர் மாவட்ட நீதிமன்றத்தில் ப்ளீடராக (வாதாடும் வழக்கறிஞராக) பதிய விண்ணப்பித்தார். கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு மறுத்தது. பட்டம் கொடுத்தவர்கள் சன்னது (வழக்காடும் உரிமம்) தராதது ஏன் என்று பார்வையாளர்கள் கேட்காமல் இருக்க மாட்டார்கள். சீட்டில் இருந்தது, மற்றச் சட்டங்களின் சொற்களுக்கு எப்படிப் பொருள் கொள்வதென்று சொல்லும் 1897ஆம் ஆண்டு ஜெனரல் கிளாசஸ் சட்டம், பிரிவு 13: ஆண்பாலில் சொன்னது பெண்ணுக்கும் பொருந்தும், பொருளோ சூழலோ அதற்கு முரண்படாதவரை. அந்த விலக்கின் கீழ் பென்சில் கோடு. 1879ஆம் ஆண்டு வழக்குரைஞர் சட்டம் ஆண்களை மட்டுமே கருதி எழுதப்பட்டது என்று நீதிமன்றம் கொண்டதால், விலக்கே விதியாகிவிட்டது.

1921இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் சொராப்ஜியைச் சேர்த்துக்கொண்டது. அதே ஆண்டு பாட்னா உயர் நீதிமன்றம் சுதான்சுபாலா ஹஸ்ராவைத் திருப்பி அனுப்பியது. ஒவ்வொரு நீதிமன்றமாக ஏறி இறங்கித் தீராத சிக்கலை 1923ஆம் ஆண்டின் 23ஆம் சட்டம் தீர்த்தது: பெண் என்ற ஒரே காரணத்துக்காக இனி யாரையும் மறுக்க முடியாது. ஐயாவின் சீட்டை அப்படியே ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறோம். இனி மறுப்பைச் சொல்லும் எந்தப் பலகையிலும் எந்தப் பிரிவை வைத்து மறுத்தார்கள் என்பதும் இருக்கும்.

ஆனந்தாபாய் (சென்னை, 1928 சட்டப் பட்டம்), அன்னா சாண்டி (1937 முன்சீப், அதாவது கீழமை நீதிமன்ற நீதிபதி; 1959 கேரள உயர் நீதிமன்ற நீதிபதி) பலகைகளை ராத்திரியோடு ராத்திரியாக மறுபடி அச்சடித்த அச்சகத்தார், மேசை தூக்கிய சட்டக் கல்லூரி மாணவர்கள், தார்ப்பாய் தந்தவர்கள், தேநீர் அனுப்பிய அக்காமார் எல்லோருக்கும் நன்றி.

புத்தகம் இரவல் தந்தவர்கள் திரும்ப வாங்கும்போது முதுகுத் தையலைப் பாருங்கள். பிரிந்திருந்தால் செல்லோடேப் ஒட்டாதீர்கள்; எங்களிடமே விட்டுவிடுங்கள். பைண்டிங் செலவு எங்களுடையது.