ஒரு மெமோ எத்தனை நாள் செல்லும்?

சிங்கப்பூரில் பாலர் பள்ளிகளை மேற்பார்வையிடும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். போன செவ்வாய்க்கிழமை காலை 8.20க்கு மகளைப் பள்ளி வாசலில் விட்டேன். எம்ஆர்டி ரயிலில் இரண்டு ஸ்டேஷன்கூடத் தாண்டவில்லை, போன் வந்துவிட்டது. வாயோரத்தில் புதுக் கொப்புளமாம், உடனே வந்து கூட்டிப்போக வேண்டுமாம். திரும்பிப் போனால், செருப்பு அடுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி நாற்காலியில், முதுகுப் பையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். உள்ளே பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தார்கள். இவள் அங்கிருந்தே கைதட்டிக்கொண்டிருந்தாள்.

இந்த ஆண்டில் இது ஏழாவது முறை.

அவளுக்கு இருப்பது லீனியர் ஐஜிஏ என்ற கொப்புள நோய். இது தொற்றாது என்று டாக்டர் எழுதித் தந்து, பள்ளியில் கொடுத்த நான்கு மெமோக்களின் நகலும் உங்களிடம் இருக்கின்றன, ஆகவே விளக்கம் வேண்டாம். ஒன்றை மட்டும் திரும்பச் சொல்கிறேன்: இது தொற்றாது. உடலின் எதிர்ப்புச் சக்தியே தோலைத் தாக்குவதால் வருவது. பக்கத்தில் உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிட்டாலும் இன்னொரு பிள்ளைக்கு வராது.

கை, கால், வாய்ப் புண் நோயைப் பற்றிய பயம் எனக்கும் உண்டு. காலையில் வாசலிலேயே உள்ளங்கையையும் வாயையும் பார்ப்பது நல்ல பழக்கம்தான். சந்தேகப்பட்டதையும் குறைசொல்ல மாட்டேன். என் மாமியாரே அம்மை என்று நினைத்துத் தேக்கா மார்க்கெட்டிலிருந்து வேப்பிலை வாங்கிவந்தார். முதலில் பார்த்த டாக்டர் இம்பெடிகோ, அதாவது கிருமியால் வரும் தோல் புண், என்று களிம்பு கொடுத்தார். தொடையில் பழைய கொப்புளத்தைச் சுற்றிப் புதியவை முத்துக் கோத்த மாதிரி வளையமாக வந்த பிறகு, தோலில் துளி எடுத்துச் சோதித்துத்தான் பெயர் தெரிந்தது. பெயர் தெரிந்த பிறகும் அந்த நாற்காலி எதற்கு?

ஒவ்வொரு புதுக் கொப்புளத்துக்கும் ஒரு புது மெமோ கேட்கிறார்கள், அதுவும் ஏழு நாளுக்குள் எழுதியதாக. கொப்புளம் வந்துகொண்டே இருப்பதுதானே இந்த நோய்? தோல் மருத்துவரைப் பார்ப்பது மாதம் ஒருமுறை. நடுவில் பக்கத்துக் கிளினிக்குக்கு ஓடுகிறேன். அந்த டாக்டர் பாவம், நான் போனில் காட்டும் பழைய மெமோவைப் பார்த்துப் புது மெமோ எழுதித் தருகிறார். குழந்தைப் பராமரிப்பு விடுப்பு ஆறு நாள், மார்ச்சிலேயே தீர்ந்துவிட்டது.

இங்கே பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் ஜி6பிடி குறைபாடு உண்டா என்று பார்த்துவிடுகிறார்கள். அந்தக் குறைபாடு இருந்தால், இவள் நோய்க்குத் தரும் டாப்சோன் மாத்திரை ரத்தச் சிவப்பணுக்களை அழித்துவிடும். அதனால் மாத்திரை தொடங்குமுன் டாக்டர் பார்த்ததும் அதைத்தான். இவள் பிறந்தபோது எடுத்த சோதனையின் முடிவு, நான்கு வருடம் கழித்து, நொடியில் திரையில் வந்து நின்றது. மெமோவுக்கு மட்டும் ஆயுள் ஏழு நாள்! கை கழுவுவது எப்படி என்று பள்ளிச் சுவரெல்லாம் படம் போட்டு ஒட்டியிருக்கிறது. தொற்றாத கொப்புளமும் உண்டு என்று ஒரு வரி எழுத இடமில்லை போலிருக்கிறது. சரி, கோபத்தில் எங்கோ போகிறேன்.

கேட்பது இதுதான். தோல் மருத்துவர் தரும் ஒரு மெமோ ஆறு மாதமாவது செல்லும் என்று பள்ளிகளுக்கு எழுத்தில் சொல்லுங்கள். காய்ச்சல் அடித்தால், கொப்புளத்தில் சீழ் வைத்தால் கூப்பிடட்டும், ஓடி வருகிறேன். கொப்புளம் இருக்கிறது என்பதற்காக மட்டும் வேண்டாம்.

நேற்று லிஃப்டில் பக்கத்து வீட்டு ஆன்ட்டி இவளைப் பார்த்துச் சிரித்தார். இவள் இரண்டு கையையும் விரித்து, வாயை 'ஆ'வென்று திறந்து காட்டினாள்.

வரும் வியாழக்கிழமை மறுபடி ரத்தப் பரிசோதனை. தோல் மருத்துவரையும் அன்றைக்கே பார்க்கிறோம். மெமோவில் எத்தனை மாதம் என்று எழுதச் சொல்லட்டும்? தயவுசெய்து அதற்குள் ஒரு பதில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஜூரோங் வெஸ்ட்டிலிருந்து ஓர் அம்மா