கேபினெட் வாங்கும் முன்

அன்புள்ள அம்மணிக்கு,

நீ அனுப்பிய மூன்று கம்ப்யூட்டர் கேபினெட் படங்களையும் நானும் அம்மாவும் பார்த்தோம். முன்புறம் முழுக்கக் கண்ணாடியும் வண்ணம் மாறும் ஆறு விசிறிகளும் உள்ள முதல் பெட்டிதான் அம்மாவுக்குப் பிடித்திருக்கிறது. கல்யாண மண்டபம் மாதிரி ஜொலிக்கிறதாம். அதை நீ மறந்துவிடு, காரணம் பின்னால் வருகிறது. மற்ற இரண்டில் எது என்பதுதான் பேச வேண்டிய விஷயம். போனில் சொன்னால் "சரி அப்பா, சரி அப்பா" என்று இரண்டே நிமிடத்தில் முடித்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் உன் வேலையைப் பார். பகலில் கதவைச் சாத்தி, மின்விசிறியையும் ஏசியையும் நிறுத்திவிட்டு, மைக் முன்னால் உட்கார்ந்து ஒலிப்புத்தகம் வாசிக்கிறாய். இரவில் வீடியோ தொகுக்கிறாய். வாசிக்கும் நேரத்தில் கம்ப்யூட்டருக்கு வேலை என்று சொல்லும்படி எதுவுமில்லை; குரலைப் பதிந்துவைக்க அதற்குப் பெரிய பாடு கிடையாது. ஆனால் அப்போதுதான் துளிச் சத்தமும் ஆகாது. வீடியோவை முடித்துக் கோப்பாக மாற்றும்போது பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் மூச்சு வாங்க ஓடும். அப்போது கொஞ்சம் இரைந்தால் யாருக்கும் நஷ்டமில்லை, நீ சாப்பிடப் போயிருப்பாய். ஆகவே முழு வேகத்தில் எவ்வளவு இரைகிறது என்று விளம்பரங்களிலும் விமர்சனங்களிலும் போடுகிற எண் உனக்கு இரண்டாம்பட்சம். சும்மா இருக்கும்போது எவ்வளவு இரைகிறது என்பதுதான் உனக்கு வேண்டியது.

அடுத்தது அந்த அறை. மொட்டை மாடிக்கு நேர் கீழே வீடு எடுக்காதே என்று அன்றைக்கே சொன்னேன், போகட்டும். சித்திரை வெயிலில் ஏசியை நிறுத்தினால் சீக்கிரமே 35, 36 டிகிரிக்கு வந்துவிடும். கம்ப்யூட்டர் விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை. அறைக் காற்றை உள்ளே இழுத்து, சூட்டை ஏற்றிக்கொண்டு வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான். நான் வேலை பார்த்த மில்லில் நாங்கள் காற்றை நீர்த்திவலைகளுக்கு ஊடே செலுத்தி, வெளி வெயிலைவிடக் குளிர்ச்சியாகவே நூற்புக்கூடத்துக்குள் அனுப்பினோம். கேபினெட்டுக்கு அந்த வசதி கிடையாது. அறை 10 டிகிரி ஏறினால் உள்ளே இருக்கும் பாகங்களும் ஏறக்குறைய 10 டிகிரி ஏறும். 21 டிகிரி அறையில் வைத்துச் சோதித்து எழுதுகிறார்களே, அந்த வெப்பநிலைகளோடு நீ 15-ஐக் கூட்டிப் படிக்க வேண்டும்.

இனி கணக்கு. நீ சொன்ன பிராசசர் ரைசன் 7 9700எக்ஸ். அதன் வரையறை 65 வாட், முழு வேலையில் 88 வரை எடுக்கும். ஆர்டிஎக்ஸ் 4070 கிராபிக்ஸ் கார்டு 200 வாட். மதர்போர்டு, மற்றவை எல்லாம் சேர்த்து 300 வாட் என்று வைத்துக்கொள். இவ்வளவும் கடைசியில் சூடாகத்தான் மாறும். பெட்டிக்குள் வரும் காற்று வெளியேறுவதற்குள் 10 டிகிரிக்கு மேல் சூடேறக் கூடாது என்றால் விநாடிக்குச் சுமார் 25 லிட்டர் காற்று வேண்டும். விசிறிப் பெட்டிகளில் போடும் அளவில் நிமிடத்துக்கு 50 கன அடியைச் சற்றுத் தாண்டும். இது பெரிய அளவே இல்லை. நிதானமாகச் சுற்றும் இரண்டு மூன்று பெரிய விசிறிகளே கொடுத்துவிடும், வழியை யாரும் அடைக்காமல் இருந்தால்.

விசிறி விதிகளை நான் உனக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறேன், நீ மறந்திருப்பாய். சுற்று பாதியானால் காற்று பாதியாகும், ஆனால் அழுத்தம் கால்வாசியாகும், இழுக்கும் மின்சாரம் எட்டில் ஒன்றாகும். சத்தமும் அப்படித்தான் சரசரவென்று இறங்கும்: சுற்றைப் பாதியாக்கினால் ஏறக்குறைய 15 டெசிபல் குறையும். அதே மாதிரி இன்னொரு விசிறியைப் பக்கத்தில் சேர்த்தால் கூடுவது 3 டெசிபல்தான். அதாவது ஒரே விசிறியை முழு வேகத்தில் ஓட்டுவதற்குப் பதில் இரண்டைப் பாதி வேகத்தில் ஓட்டினால், தடையில்லாத இடத்தில் அதே காற்று கிடைக்கும், சத்தம் 12 டெசிபல் குறையும். 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குப் பாதியாகத் தெரியும் என்பார்கள்.

ஆனால் அந்தக் கால்வாசி அழுத்தத்தைக் கவனி. மெதுவாகச் சுற்றும் விசிறிக்குத் தள்ளும் வலு இல்லை. அதன் முன்னால் கண்ணாடியை வைத்துச் சுற்றிலும் விரல் நுழையாத இடுக்கு மட்டும் விட்டால், காற்று வராது. காற்று வராவிட்டால் சூடு ஏறும், சூடு ஏறினால் மதர்போர்டு விசிறியை முடுக்கும், நீ வாங்கிய ஆறு விசிறிகளும் சேர்ந்து கத்தும். அம்மாவுக்குப் பிடித்த பெட்டியின் கதை இதுதான். விளக்கு எரிவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

நீ மனதுக்குள் முடிவு செய்துவைத்திருப்பது இரண்டாவது பெட்டி என்று எனக்குத் தெரியும். ஃப்ராக்டல் டிசைன் நிறுவனத்தின் டிஃபைன் 7. ஸ்வீடன்காரர்கள், வேலைப்பாட்டில் குறை சொல்ல முடியாது. உள்பக்கம் ஒலி உறிஞ்சும் அட்டை ஒட்டிய கனமான தகடுகள், முன்னால் அதே மாதிரி ஒரு கதவு. கதவு சாத்தியிருக்கும்போது காற்று பக்கவாட்டு இடுக்குகள் வழியாக வளைந்துதான் உள்ளே போக வேண்டும். குளிர்நாட்டு அறையில் அது பிரமாதமாக இருக்கும். உன் அறைக்கு எனக்குச் சம்மதமில்லை.

இந்தத் தடித்த கதவு எந்தக் காலத்து யோசனை என்று பார். 2005-இல் ஆன்டெக் நிறுவனம் பி180 என்று ஒரு கேபினெட் கொண்டுவந்தது. கனடாவைச் சேர்ந்த மைக் சின் என்பவர், அமைதியான கம்ப்யூட்டர்களைப் பற்றியே எழுதிவந்தவர், அதன் வடிவமைப்பில் பங்கு கொண்டார். மூன்று அடுக்குத் தகடு, கீழ்ப்பகுதியில் பவர் சப்ளைக்கென்று தனி அறை, ஹார்டு டிஸ்க்குக்கு ரப்பர் மெத்தை. அன்றைக்கு அது சரியான மருந்து. அப்போது ஹார்டு டிஸ்க் நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றி உறுமிக்கொண்டிருந்தது, டிவிடி டிரைவ் ஊளையிட்டது. நல்ல கிராபிக்ஸ் கார்டே 100 வாட்டை ஒட்டித்தான் எடுத்தது. அந்தச் சத்தங்களைச் சுவர் கட்டித்தான் மறைக்க வேண்டியிருந்தது. உன் கம்ப்யூட்டரில் எல்லாமே எஸ்எஸ்டி, அதாவது சுழலாத சேமிப்புச் சில்லுகள். சுழலும் பாகம் என்றால் விசிறிகள் மட்டும்தான். சூடோ இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. மறைப்பதற்குச் சத்தம் குறைந்து, வெளியேற்றுவதற்குச் சூடு கூடிவிட்ட காலத்தில் சுவரைத் தடிமனாக்கி என்ன பயன்? அந்த உறிஞ்சும் அட்டையும் கீச்சென்ற மேல்சுருதிச் சத்தத்தைத்தான் குறைக்கும். விசிறியின் தாழ்ந்த உறுமலை அரை அங்குல நுரையால் ஒன்றும் செய்ய முடியாது. காற்றுக்குழாய்களுக்கு உள்ளே நாங்கள் ஒட்டிய அட்டைகளிலும் இதையே பார்த்திருக்கிறேன்.

ஆகவே மூன்றாவது பெட்டி. லியான் லி லான்கூல் 216. முகப்பு முழுக்க மெஷ் என்கிற வலைத்தகடு, அதன் பின்னால் இரண்டு 160 மில்லிமீட்டர் விசிறிகள், பின்புறம் ஒரு 140. சாதாரண 120 மில்லிமீட்டர் விசிறியோடு ஒப்பிட்டால் 160-க்குப் பரப்பு ஒன்றே முக்கால் மடங்கு. மெதுவாகச் சுற்றியே காரியம் முடிக்கும். ஒரு சங்கடம் உண்டு. 160 என்பது எங்கும் கிடைக்கும் அளவில்லை. கெட்டுப்போனால் அதே அளவுக்கு அலைய வேண்டியிருக்கும். ஆனால் அந்த இடத்தில் 140 அல்லது 120-ஐ மாட்டவும் துளைகள் இருக்கின்றன, அதனால் பயமில்லை. தகரப் பெட்டி போலத் தெரிகிறது என்று முகம் சுளித்தால், ஃப்ராக்டலிலேயே 2022-இல் வந்த நார்த் என்ற மாடலைப் பார். முகப்பில் ஓக் அல்லது வால்நட் மரச்சட்டங்கள், சட்டங்களுக்கு இடையே காற்று தாராளமாகப் போகும், இரண்டு 140 விசிறிகள் கூடவே வருகின்றன. அம்மாவையும் சமாதானப்படுத்திவிடலாம்.

படத்தைப் பார்த்து ஆர்டர் போடாதே. ரிச்சி தெருவுக்கு நேரில் போ, காலையிலேயே போய்விடு, மதியத்துக்கு மேல் நிற்க இடமிருக்காது. முகப்பைக் கழற்றித் தரச் சொல்லி, அதன் பின்னால் உன் கைபேசி டார்ச்சைப் பிடித்துப் பார். வெளிச்சம் தாராளமாக வந்தால் காற்றும் வரும். மெஷ்ஷுக்குப் பின்னால் நெருக்கமான நைலான் வலை, அதற்குப் பின்னால் தகட்டில் குத்திய சின்னச் சின்ன ஓட்டைகள் என்று மூன்று தடுப்பு வைத்திருப்பார்கள் சிலர். வெளியே பார்க்க மெஷ், உள்ளே சுவர். விசிறியின் இறக்கைக்கும் முன்னால் உள்ள தகட்டுக்கும் இடையே ஒரு விரல் இடைவெளியாவது இருக்கிறதா பார். ஓட்டை போட்ட தகடு இறக்கையை ஒட்டி இருந்தால் மெதுவாகச் சுற்றினாலும் ஒரு ரீங்காரம் கேட்கும். மைக்குக்குச் சீரான இரைச்சலைவிட அந்தச் சுருதி பிடித்த ரீங்காரம்தான் மோசம், பிறகு மென்பொருளில் எடுத்தாலும் உன் குரலையும் சேர்த்துக் கொஞ்சம் சுரண்டிவிடும். பக்கத் தகட்டை விரல் முட்டியால் தட்டு. தகரம் போல் அதிர்ந்தால் வேண்டாம்.

விசிறி வயரின் நுனியைக் காட்டச் சொல். மதர்போர்டில் செருகும் சின்ன நான்கு துளைச் செருகியாக இருக்க வேண்டும். விலை குறைந்த பெட்டிகளில் பவர் சப்ளையிலிருந்து நேரடியாக வரும் பெரிய மோலெக்ஸ் பிளக்கில் மாட்டியிருப்பார்கள். அந்த விசிறிகள் ஸ்விட்ச் போட்டது முதல் அணைக்கும் வரை ஒரே வேகம், உன்னால் குறைக்கவே முடியாது. கடைக்காரர் "சத்தமே வராது மேடம்" என்பார். அந்த இரைச்சலான தெருவில் எதுவும் சத்தமாகக் கேட்காதுதான்.

பிராசசருக்குத் தண்ணீர்க் குளிரூட்டி வேண்டாம். அதன் பம்ப் நீ வாசிக்கும்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். 65 வாட் பிராசசருக்கு 120 மில்லிமீட்டர் விசிறி வைத்த கோபுரக் குளிரூட்டி போதும். அவை பெரும்பாலும் 160 மில்லிமீட்டர் உயரத்துக்குள் அடங்கும், லான்கூலில் 180 வரை இடமிருக்கிறது. கிராபிக்ஸ் கார்டும் பவர் சப்ளையும் சுமை குறைந்தால் விசிறியை நிறுத்திக்கொள்ளும் வகையா என்று பெட்டியில் படித்துப் பார்த்து வாங்கு. பிறகு பயாஸில், அதாவது மதர்போர்டின் அமைப்புத் திரையில், பிராசசர் 65 டிகிரியைத் தொடும் வரை விசிறிகள் குறைந்த வேகத்திலேயே மாறாமல் சுற்றும்படி விசிறி வேகக் கோட்டைத் தட்டையாக வைத்துவிடு. அந்த பிராசசரின் உச்ச வரம்பு 95 டிகிரி. 60-ஐக் கண்டு பதற வேண்டியதில்லை.

தூசி விஷயத்தில் மட்டும் நான் சொல்வதைக் கேள், மில் தூசியிலேயே காலம் தள்ளியவன் சொல்கிறேன். உள்ளே இழுக்கும் காற்று வெளியே தள்ளுவதைவிடச் சற்று அதிகமாக இருக்கட்டும். அப்போது இடுக்குகள் வழியாகக் காற்று வெளியேதான் கசியும், தூசி வடிகட்டி வழியாக மட்டுமே உள்ளே வர முடியும். வடிகட்டியை முன்பக்கத்திலிருந்தே உருவ முடிய வேண்டும். பெட்டியை இழுத்துத் திருப்பித்தான் கழற்ற வேண்டும் என்றால் நீ கழற்ற மாட்டாய், உன்னை எனக்குத் தெரியும். பஞ்சு படிந்த வடிகட்டி எவ்வளவு நல்ல விசிறியையும் திணறடிக்கும். பின்பக்கம் பயன்படுத்தாத கார்டு துளைகளுக்கு மூடித் தகடு போட்டே ஆக வேண்டும். நம் ஊரில் சூடு தேடிப் பல்லி உள்ளே போய்விடும். ஷார்ட் ஆனால் பல்லியும் போகும், பவர் சப்ளையும் போகும்.

வாங்கி வந்ததும் எங்கே வைப்பாய்? மேஜையின் ஓரத்தில் கதவு போட்ட அந்த மரக்கூண்டுக்குள் வைத்துவிடாதே. வெளியேற்றிய சூட்டையே திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும். மேஜை மேலும் வேண்டாம், அதிர்வு பலகை வழியாக மைக் தண்டில் ஏறும். தரையில், நான்கு அங்குலம் உயர்ந்த ஒரு ஸ்டாண்டில், காலுக்கடியில் ரப்பர் போட்டு வை. பின்புறத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் விடு. உன் மைக் முன்பக்கச் சத்தத்தைத்தான் நன்றாக வாங்கும், பின்பக்கம் அதற்குக் காது மந்தம். எனவே கம்ப்யூட்டர் மைக்கின் முதுகுப் பக்கம் இருக்கும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள். காசு செலவில்லாமல் கிடைக்கிற அமைதி அது.

லான்கூல் கிட்டத்தட்ட அரை மீட்டர் உயரம், அரை மீட்டர் ஆழம், அகலம் 23, 24 சென்டிமீட்டர். ஸ்டாண்டும் ரப்பரும் சேர்ந்து மேஜைக்கு அடியில் நுழையுமா, உன் கால் நீட்ட இடம் மிஞ்சுமா என்று இங்கிருந்து எனக்குத் தெரியவில்லை. மேஜைக்கு அடியில் உள்ள உயரத்தையும் சுவர் வரை உள்ள ஆழத்தையும் டேப்பால் அளந்து இன்றிரவே அனுப்பு. கடைக்குப் போவது அதற்கப்புறம்.

அன்புடன்,
அப்பா