அப்பாவின் நாடி

தம்பிக்கு அம்மா எழுதுவது.

முதலில் இதைப் படித்துவிடு. அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். திண்ணையில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறார், தொட்டுக்கொள்ளக் கருவாடு கேட்டு என்னைத் திட்டவும் செய்கிறார். இனி மற்றதைச் சொல்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை கரையில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். வலையூசி கைநழுவி மணலில் விழ, எடுக்கக் குனிந்தவர் எழுந்திருக்கவில்லை. தலை சுற்றுகிறது என்றார். கச்சான் காற்று அந்த அடி அடிக்கிறது, அவர் சட்டை வேர்வையில் ஒட்டிக் கிடந்தது. ஆட்டோ பிடித்து உச்சிப்புளி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். நர்சம்மா விரலில் கிளிப் மாட்டினார். நாடி 42 காட்டியது. வேறு விரலில் மாட்டினார், அதே 42. தன் விரலில் மாட்டிப் பார்த்தார், அவருக்கு 80. ஒன்றும் பேசாமல் டாக்டரைக் கூப்பிடப் போனார். ஈசிஜி எடுத்தார்கள், 108 ஆம்புலன்ஸ் வந்தது, ராமநாதபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்த்துவிட்டோம்.

அப்பாவுக்கு அதில் பயமே இல்லை. "சங்கு குளிச்ச நெஞ்சு சார் இது, எட்டுப் பாகம் ஆழத்துல மூச்சடக்கினவனுக்கு நாடி மெதுவாத்தான் ஓடும்" என்று டாக்டரிடமே சொன்னார். டாக்டருக்கு உன் வயதுதான் இருக்கும். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இருக்கலாம் ஐயா. ஓட்டப்பந்தயக்காரங்களுக்கும் 60க்குக் கீழ இருக்கும். ஆனா அவங்களுக்குத் தலை சுத்தாது, உங்களுக்குச் சுத்துது" என்றார். அப்பா வாயடைத்துப் போனார்.

ரத்தம் எடுத்துப் பார்த்ததில் பொட்டாசியம் 6.4. ஐந்தைத் தாண்டினாலே கவனிக்க வேண்டுமாம். சிறுநீரகம் வெளியே தள்ள வேண்டிய கழிவாம் கிரியேட்டினின், அது 2.3. அது ஒன்றே கால் வரைதான் இருக்கலாமாம். சிறுநீரகம் மந்தமாகிவிட்டது என்று சொன்னார்கள். அப்பா பிரஷருக்குப் போடும் அட்டெனோலோல் மாத்திரை சிறுநீரில்தான் வெளியே போக வேண்டுமாம். சிறுநீரகம் வேலை செய்யாததால் போட்ட மாத்திரை உடம்பிலேயே தேங்கித் தேங்கி நாடியை இழுத்துப் பிடித்திருக்கிறது. பொட்டாசியமும் அதேபோலத் தேங்கி, அதுவும் இதயத்தை மெதுவாக்குமாம். கால்சியம் ஊசி போட்டார்கள். அப்புறம் குளுக்கோஸோடு இன்சுலின் ஏற்றினார்கள். சர்க்கரை இல்லாத மனுசனுக்கு எதற்கு இன்சுலின் என்று நான் சத்தம் போட்டுவிட்டேன். ரத்தத்தில் இருக்கிற பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளுவதற்காம். அந்த நர்ஸ் பிள்ளையிடம் மறுநாள் மன்னிப்புக் கேட்டேன்.

அன்று ராத்திரி தூங்கவில்லை. மெஷினில் நம்பர் ஓடிக்கொண்டுதான் இருந்தது, இருந்தாலும் அப்பா மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நானே எண்ணினேன். ஒன்று தட்டும், அடுத்தது வருமா வராதா என்று இருக்கும், அப்புறம் வரும். நீ சின்னப் பிள்ளையில் கரையில் நின்று அப்பா தண்ணீருக்குள் போனதும் எண்ணுவாயே. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது உனக்கு நூறு வரை தெரியும், டீச்சர் ஆச்சரியப்பட்டார். எண்பதைத் தாண்டினால் உன் குரல் கம்மிவிடும்.

வாழைப்பழம், முருங்கைக்கீரை, இளநீர் எல்லாம் இப்போதைக்கு வேண்டாம் என்கிறார்கள். காய்கறியை வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். உடம்புச் சூட்டுக்கு நல்லது என்று தினம் ஓர் இளநீர் நானே வெட்டிக் கொடுத்தேன் தம்பி. அதில் பொட்டாசியம் அதிகமாம்.

நீயும் வெயிலில் நிற்கிறாய். தண்ணீர் குடி. உடம்பு வலி என்றால் நீயாக மாத்திரை வாங்கிப் போடாதே.

நீ அனுப்பிய பணம் வந்தது. தங்கச்சிக்கு ஏழாம் மாதம், நன்றாக இருக்கிறாள். போன மாதம் குழுக் கடனை முழுவதும் கட்டி முடித்தேன். என் மகன் அனுப்பிய பணம் என்று எல்லோர் முன்னாலும் சொல்லித்தான் கட்டினேன். ஆனால் உன் வாய்ஸ் மெசேஜ் எல்லாம் "சரிம்மா, வைக்கிறேம்மா" என்று முடிந்துவிடுகிறது. அப்பா பக்கத்தில் இருக்கும்போதுதான் அதைச் சத்தமாக வைப்பேன். எழுந்து போக மாட்டார்.

ஒன்றை உன்னிடம் சொல்லியே ஆக வேண்டும். என்னென்ன மாத்திரை போடுகிறார் என்று டாக்டர் கேட்டபோது பிரஷர் மாத்திரையை மட்டும் எடுத்துக் காட்டினேன். மஞ்சள் பையின் அடியில் வலி மாத்திரை அட்டை இருந்தது. டைக்ளோபெனாக். அதை எடுக்கக் கை வரவில்லை. அரை மணி நேரம் கழித்து நானே தேடிப்போய்க் காட்டினேன். இரண்டு வருஷமாக அவர் முழங்கால் வலிக்கு சீட்டு இல்லாமல் மெடிக்கலில் வாங்கிக் கொடுத்தது நான்தான். வேண்டாம் என்று அவர் சொன்ன நாளிலும் கொடுத்திருக்கிறேன், அவர் வலியில் முனகுவது எனக்குத் தாங்காது. சிறுநீரகத்தைக் கெடுத்ததில் அதற்குப் பெரிய பங்கு இருக்கும் என்றார் டாக்டர்.

அது மட்டும் இல்லை. வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் பெண் நச்சரித்து, போன ஆடியில் ரத்தம் கொடுத்தோம். கிரியேட்டினின் 1.7 என்று தடித்த எழுத்தில் வந்தது. அந்தக் காகிதம் என் கைக்கு வந்த அன்றுதான் நீ அப்பாவிடம் சொல்லாமல் பஹ்ரைனுக்குப் புறப்பட்டாய். இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு அதை ரேஷன் கார்டு டப்பாவில் போட்டு மூடினேன். நாலு நாள் போகட்டும் என்று நினைத்தேன். ஒரு வருஷம் போய்விட்டது. அப்பாவுக்கு இன்னும் தெரியாது. உனக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

பழைய மாத்திரையை நிறுத்தி வேறு மாற்றியிருக்கிறார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது நாடி 56, பொட்டாசியம் 5.2, கிரியேட்டினின் 1.9. கிரியேட்டினின் இன்னும் இறங்க நாளாகுமாம். மருந்து உடம்பைவிட்டு முழுக்கப் போன பிறகும் நாடி ஏறாவிட்டால் நாடியை ஓடவைக்கும் பேஸ்மேக்கர் கருவி வைப்பதைப் பற்றிப் பேசலாம் என்றார்கள். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

படகின் மேல் கிடந்த தார்ப்பாயை நேற்று அப்பா எடுத்து உதறிக் காயவைத்தார். அலையாதீர்கள் என்றேன், கேட்கவில்லை. ஏன் எடுத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை.

வலி மாத்திரை போடாதே. வெறும் வயிற்றில் வேலைக்குப் போகாதே. அங்கே ஒருமுறை பிரஷர் பார்த்துக்கொள், பார்த்து எனக்கு நம்பரை அனுப்பு.

வியாழக்கிழமை மறுபடி ரத்தமும் ஈசிஜியும். முதல் பஸ்ஸில் போய்விடுவோம். என் போனில் சார்ஜ் நிற்பதில்லை, அப்பா போனை மட்டும்தான் எடுத்துப்போகிறோம். ரத்தம் கொடுத்த பிறகு ரிசல்ட் வரும்வரை பத்து மணியிலிருந்து அந்த வேப்பமரத்தடியில் சும்மாதான் உட்கார்ந்திருப்பார். உனக்கு அப்போது காலை ஏழரை.

அம்மா