கலர் ஃபிலிம் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வராமல் வீட்டிலிருந்தபடி வாட்ஸ்அப்பில் இதைப் படிக்கப்போகிறவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

ஃபிலிம் ரோல் போட்டுப் படம் எடுக்கும் நம் சங்கத்தின் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான அறிக்கை இது. போன வருட அறிக்கை நீளமாக இருந்தது என்று சிலர் குறைபட்டார்களாம். குறைபட்டவர்களில் பாதிப் பேர் அந்தக் கூட்டத்துக்கே வரவில்லை என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதலில் நிகழ்ச்சிகள். ஏப்ரல் 23, சித்ரா பௌர்ணமி: கன்னியாகுமரியில் கூடினோம். தமிழ்நாட்டில் நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு முடிந்து நாலே நாள், எல்லோர் விரலிலும் மை. மேற்கே இறங்கும் சூரியனையும் கிழக்கே ஏறும் நிலாவையும் ஒரே ஃப்ரேமில் பிடித்துவிடலாம் என்று நம்பி வந்த புது உறுப்பினருக்கு, இரண்டும் எதிரெதிர்த் திசை என்பது அங்கேயே விளக்கப்பட்டது. ஆகஸ்ட் 19, உலகப் புகைப்பட நாள்: தேநீர், ரசவடை. செப்டம்பர், மாத்தூர் தொட்டிப்பாலம்: மழை. நவம்பர் 1, குமரி மாவட்ட விடுமுறை, சிதறால் மலை: தீபாவளிக்கு மறுநாள் என்பதால் மலை ஏறியது மூன்று பேர். டிசம்பர் 30 அன்று வள்ளுவர் சிலைக்கும் விவேகானந்தர் பாறைக்கும் நடுவே கண்ணாடிப் பாலம் திறந்தார்கள். அதன் பிறகு நம் உறுப்பினர்கள் பலர் தனித்தனியே போய்ப் பார்த்து வந்தார்கள். குழுவில் வந்த படங்களில் பெரும்பாலானவை போனில் எடுத்தவை என்பதை, இது ஒரு ஃபிலிம் சங்கம் என்ற முறையில், வருத்தத்துடன் பதிவு செய்கிறேன். ஊட்டியில் மூடிக்கிடக்கும் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலையை வெளியிலிருந்தாவது பார்த்துவிட்டு வரலாம் என்று ஒரு யோசனை வந்தது. கைதூக்கியவர்கள் நிறைய. முன்பணம் கட்டியவர் ஒருவர். அவருக்குப் பணம் திருப்பித் தரப்பட்டது.

இந்த வருடம் ரோல்களைச் சென்னைக்கும் பெங்களூருக்கும் கூரியரில் அனுப்புவதைக் குறைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டு மாடியில் கூட்டாகக் கழுவினோம், அதாவது கெமிக்கலில் போட்டுப் படத்தை வரவழைத்தோம். கலர் ஃபிலிமை வீட்டில் கழுவ முடியாது என்று பயமுறுத்துகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கலர் நெகட்டிவைக் கழுவும் சி-41 முறையில், படத்தை வரவழைக்கும் டெவலப்பர் கெமிக்கல் 37.8 டிகிரியில் இருக்க வேண்டும், நேரம் 3 நிமிடம் 15 வினாடி. நம்மூர் வெயிலில் மாடித் தொட்டித் தண்ணீரே பாதி வேலையை முடித்துவிடுகிறது. ஒரு வாளி வெந்நீரில் பாட்டில்களை நிறுத்தி வைத்தால் மீதியும் ஆச்சு. நமக்கு உண்மையில் கஷ்டம் கருப்பு வெள்ளைதான்; 20 டிகிரிக்கு இறக்க ஐஸ் கட்டி தேடி ஓட வேண்டும். ஆனால் சூடு கொஞ்சம் விலகினாலும் கலர் ஃபிலிம் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே தெர்மாமீட்டர் பார்க்கும் பொறுப்பை ஏற்றவர் அந்த மூன்றே கால் நிமிடத்துக்கு மட்டுமாவது கிரிக்கெட் ஸ்கோர் பார்க்காமல் இருப்பது நல்லது. யாரைச் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரியும்.

கூட்டுக் கழுவலில் ஒரு விபரீதமும் நடந்தது. உறுப்பினர் ஒருவர், யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், சினிமா ஃபிலிம் சுற்றிய ரோலை மற்றவர்களின் ரோல்களோடு சேர்த்து டேங்கில் போட்டுவிட்டார். அந்த வகை சினிமா ஃபிலிமின் முதுகில் கரிப்பூச்சு உண்டு. உள்ளே புகுந்த ஒளி பின்னால் பட்டுத் திரும்பாமல் இருக்கவும், ஃபிலிம் வேகமாக ஓடும்போது மின்பொறி கிளம்பாமல் இருக்கவும் பூசுவது. ஆப்பசோடா கரைசலில் முதலில் அதை இளக்கித் துடைத்து எடுக்காவிட்டால், கெமிக்கலுக்குள் கரித்தூளாக உதிரும். உதிர்ந்தது. கூட இருந்த அத்தனை ரோலிலும் ஒட்டியது. அதில் ஒன்று தக்கலை உறுப்பினர் வீட்டு வளைகாப்பு. மஞ்சள் பட்டுப்புடவை கட்டிய பெண்ணின் கன்னமெல்லாம் கரும்புள்ளி. கெமிக்கலும் வீண். கேட்டால், "சும்மா என்ன வருதுன்னு பாத்தேன், அவ்வளவுதான்" என்கிறார். இனிமேல் ரோலின் மேல் பெயரும் ஃபிலிம் வகையும் எழுதி ஒட்டாமல் டேங்கில் எதுவும் இறங்காது. இது வேண்டுகோள் அல்ல, செயற்குழுத் தீர்மானம்.

இனி ஸ்கேனர். இதைப் பற்றி நிறையப் பேச்சு அடிபட்டது என்பதால் நான் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

நெகட்டிவைக் கண்ணாடித் தட்டில் வைத்துக் கம்ப்யூட்டருக்கு ஏற்றும் பழைய ஃபிளாட்பெட் ஸ்கேனர் ஒன்றைச் சங்கத்துக்கு வாங்கியபோது, அந்தப் பணத்துக்கு, மிக அருகில் படம் பிடிக்கும் மேக்ரோ லென்ஸ் ஒன்றை வாங்கி டிஜிட்டல் கேமராவாலேயே நெகட்டிவைப் படம் பிடித்துவிடலாமே என்று எதிர்ப்பு வந்தது. அந்த முறை வேகமானது என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் லென்ஸுக்குப் பின்னால் ஒரு டிஜிட்டல் கேமரா வேண்டும். யார் தருகிறீர்கள் என்று கேட்டேன். கூட்டம் அமைதியாகிவிட்டது. அது மட்டுமல்ல, நம் மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழை ஒரு பக்கம், வடகிழக்கு ஒரு பக்கம். நெகட்டிவ் காய்வதற்குள் தூசி ஒட்டுகிறது; பீரோவில் வைத்தால் பூஞ்சை பிடிக்கிறது. நாம் வாங்கிய ஸ்கேனர் அகச்சிவப்பு ஒளியாலும் ஒரு தடவை பார்க்கிறது. கலர் ஃபிலிமின் சாயங்கள் அந்த ஒளியை வழிவிட்டுவிடும், தூசியும் கீறலும் மறைக்கும். எது படம், எது அழுக்கு என்று அது பிரித்துக்கொள்வது அப்படித்தான். இதைக் கருப்பு வெள்ளைக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, முகமெல்லாம் கெட்டுப்போச்சு என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர், அதில் இருப்பது வெள்ளித்துகள், அது அகச்சிவப்பையும் மறைக்கும் என்பதைத் தயவுசெய்து நினைவில் வைக்கவும்.

பெட்டியில் 6400 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 6400 புள்ளி, என்று போட்டிருப்பதை நம்பி வாங்கினேன் என்பது இன்னொரு குற்றச்சாட்டு. நம்பவில்லை. இந்த மாதிரி ஸ்கேனரில் 35 எம்எம் நெகட்டிவுக்கு உண்மையில் கிடைப்பது அதில் கால் பங்குதான் என்று வாங்கும்போதே சொன்னேன், நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் இருக்கிறது. அந்தக் கால் பங்கே 5×7 அங்குலப் பிரிண்ட்டுக்குத் தாராளம். நம்மில் எத்தனை பேர் அதைவிடப் பெரிதாகப் பிரிண்ட் போடுகிறோம்?

சித்ரா பௌர்ணமி ரோல்களை ஸ்கேன் செய்தபோது நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். குளச்சல் அண்ணாச்சி தன் ரோலைத் தானே ஸ்கேன் செய்துவிட்டு, "காசு கொடுத்து வாங்குன ஃபிலிமுல அஸ்தமனம் வெளுத்துப் போச்சுதே, இது என்னவாக்கும்?" என்று கத்தினார். பார்த்தால் ஒரே ரோலில், ஒரே கடல், ஒரு படத்தில் சாம்பல், அடுத்ததில் நீலம், அதற்கடுத்ததில் ஊதா. தானியங்கி நிறத்திருத்தத்தை நிறுத்தாமல் விட்டிருக்கிறார். மென்பொருளுக்கு அஸ்தமனம் தெரியாது. படம் முழுக்கச் சிவப்பு ஏறிக்கிடந்தால் அது கோளாறு என்று நினைத்து, ஒவ்வொரு படமாகச் சரிபண்ணிவிடும். ஃபிலிமின் தொடக்கத்தில் படம் விழாத வெற்றுத் துண்டு இருக்கிறதே, அந்த ஆரஞ்சு நிறத்தை ஒரு தடவை அளந்து, ரோல் முழுவதற்கும் அதையே கழிக்க வேண்டும். அந்த ஆரஞ்சு அழகுக்குப் போட்டதல்ல. ஃபிலிமில் இருக்கும் சாயங்கள் சுத்தமான நிறத்தில் இல்லை என்பதால், அந்தக் குறையை ஈடுகட்ட ஃபிலிமுக்குள்ளேயே வைத்திருக்கும் முகமூடி அது. கழித்துவிட்டு, நெகட்டிவின் நிறங்களைத் தலைகீழாகத் திருப்பினோம். திரையில் முதலில் பாறையின் விளிம்பு, அப்புறம் வானத்தில் செம்பருத்திச் சிவப்பு, கீழே நிற்கும் பையனின் சட்டைக் காலரில் அதன் சாயல். அண்ணாச்சி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தவர் இரவு சாப்பாட்டுக்குத்தான் எழுந்தார்.

மங்கலாக வரும் படத்துக்கெல்லாம் ஸ்கேனரைத் திட்டுவதையும் நிறுத்தலாம். கலர் நெகட்டிவ் வெளிச்சம் கூடினால் பொறுத்துக்கொள்ளும், குறைந்தால் பொறுக்காது. 200 வேக ஃபிலிமை (வேகம் என்றால் ஒளியை உணரும் அளவு) 100 என்று வெளிச்சம் அளக்கும் மீட்டரில் வைத்து எடுங்கள் என்று நான் சொல்லாத கூட்டம் இல்லை. நிழலில் ஒன்றும் பதியவே இல்லையென்றால் ஸ்கேனர் எதை எடுத்துக் காட்டும்?

வெளியாட்களின் பழைய நெகட்டிவுகளைச் சங்க ஸ்கேனரில் ஏற்றுவது சரியா என்ற கேள்விக்கும் பதில் சொல்கிறேன். 1972-இல் கோடாக் கொண்டுவந்த சி-41 முறைதான் 80களில், 90களில் நம் ஊர்க் கல்யாணங்களைக் கலரில் எடுத்தது. அந்த நெகட்டிவுகள் வீடுகளில் பிஸ்கட் டப்பாக்களில் கிடக்கின்றன. சிலதில் வினிகர் வாடை வர ஆரம்பித்துவிட்டது. ஃபிலிமின் அசிட்டேட் அடி சிதைகிறது என்று அர்த்தம். மணக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா அப்படி ஒரு டப்பாவோடு வந்தார். சுனாமியில் வீட்டு ஆல்பம் போய்விட்டது. கூடுதல் பிரிண்ட் போட நெகட்டிவை வாங்கிப்போன நாகர்கோவில் சொந்தக்காரர் திருப்பிக் கொடுக்க மறந்திருந்ததால் அது மட்டும் மிஞ்சியது. கீற்றைப் பிளாட்பெட்டில் வைத்துத் திருப்பியதும், நீலமாகத் தெரிந்த முகங்கள் மாநிறத்துக்கு வந்தன. "இது எங்க அம்மையாக்கும், இது நான், இது யாருன்னு தெரியலியே" என்றபடி திரையில் விரலை வைத்துக்கொண்டே போனார். யாரென்று தெரியாதவர் கல்யாணத்துக்கு வந்த போட்டோகிராபரின் உதவியாளர் என்று பிறகு முடிவானது. கையில் ஃபிளாஷ் இருந்தது. கட்டணம் வாங்கவில்லை. அவர் வைத்துவிட்டுப் போன கருவாட்டுக்கு ரசீது போட வழியில்லாததால் கணக்கில் சேர்க்கவில்லை. இதனால் எந்த உறுப்பினரின் ரோலும் தாமதமாகவில்லை. தாமதமானவை எல்லாம் மின்தடையால் தாமதமானவை.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் உறுப்பினர்கள் ரோலைக் கொடுக்கிறார்கள், நான் கழுவி ஸ்கேன் செய்து அனுப்புகிறேன், வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரல் வருகிறது, கதை முடிந்தது. நெகட்டிவை வாங்க யாரும் வருவதில்லை. பத்திரத்தை ஜெராக்ஸ் கடையில் விட்டுவிட்டு நகலை மட்டும் வீட்டுக்கு எடுத்துப்போவதற்குச் சமம் இது. என் வீட்டு பீரோவில் சேலைகள் இருந்த தட்டு ஒன்று முழுக்க இப்போது உங்கள் நெகட்டிவ். கவர் மேல் பெயர் எழுதி, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைத்திருக்கிறேன். சேலைகள் எங்கே போயின என்று என் மனைவி என்னைத்தான் கேட்கிறார், உங்களை அல்ல.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சுருக்கமாக, வந்ததும் போனதும் ஏறக்குறைய ஒன்றுதான். ஸ்கேனருக்கு நான் கைமாற்றாகப் போட்டதில் ஒரு பகுதி திரும்ப வந்தது, மீதி வரும் என்று நம்புகிறேன். 'இதர செலவுகள்' என்பது வடை, கூரியர், மற்றும் இதர.

சந்தா மாதம் 100 ரூபாய். இந்த அறிக்கை ஆண்டில் கோடாக்கின் கோல்ட் 200 கலர் ஃபிலிம் ரோல் ஒன்று ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிட்டது. ஷட்டரை ஒரு தடவை அழுத்தினால் ஏறக்குறைய முப்பது ரூபாய். நாய்க்குட்டியை நாலு தடவை எடுப்பதற்குப் பதிலாக எடுக்காமல் விட்டால் ஒரு மாதச் சந்தா கட்டியாயிற்று. பாக்கிக்காரர்களின் பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. பட்டியல் என் சட்டைப்பையில் இருக்கிறது.

தலைவருக்கும், பொருளாளருக்கும், கூட்டத்துக்கு இடம் தந்தவர்களுக்கும், தேநீர்க் கடைக்காரருக்கும், தவறாமல் வந்த ஐந்து பேருக்கும், என் வீட்டாருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் செயலாளர் பொறுப்பில் தொடர எனக்கு விருப்பமில்லை. உடம்பும் முன்புபோல் இல்லை. ஸ்கேனரைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ள யாராவது முன்வந்தால் நானே ஆட்டோ பிடித்துக் கொண்டுவந்து இறக்கி, ஒரு வாரம் கூட இருந்து சொல்லியும் கொடுப்பேன். தேவையானவை: தூசி அதிகம் இல்லாத ஒரு அறை, ஒரு யுபிஎஸ், 36 படத்துக்கு ஒரு மாலை முழுக்க உட்காரும் பொறுமை, எதிர்த்துப் பேசாத குடும்பம். யாரும் முன்வராத நிலையில், சங்கம் நின்றுவிடக் கூடாதே என்பதற்காக, பொதுக்குழு வற்புறுத்தினால் இன்னும் ஒரு வருடம் பார்ப்பதைப் பற்றி நான் யோசிக்கக்கூடும். அப்படி யோசிப்பதற்குப் பாக்கிச் சந்தா வசூலாவது பெரிய உதவியாக இருக்கும். பொருளாளர் வாசல் பக்கத்து மேசையில் இருப்பார், ஜிபேயும் உண்டு. நெகட்டிவ் கவர்களை அகர வரிசையில் அடுக்கி அதே மேசையில் வைத்திருக்கிறேன். எடுக்காமல் வாசலைத் தாண்ட வேண்டாம்.

அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்
நாகர்கோவில்